முப்பத்தெட்டாம் எண் நோட்டு

எங்கள் பள்ளியில் எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் கட்டுரை ஒரே இடத்தில்தான் போய் முடியும். 1969-ல் நான் மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியராக இருந்தேன். 'எங்கள் வீட்டுப் பூனை' என்று கொடுத்தால் பையன் அதன் மீசையைப் பற்றி நாலு வரி எழுதுவான், அது கருவாடு திருடியதைப் பற்றி ஆறு வரி எழுதுவான். பிறகு மூச்சு விடாமல், 'ஆகவே நான் நன்றாகப் படித்து, பெரியவனானதும் அக்கரையை மீட்டு, அங்கே தவிக்கும் நம் உடன்பிறப்புகளைக் காப்பாற்றுவேன்' என்று முடிப்பான். பல்வலி பற்றிய கட்டுரையும் அங்கேதான் போகும். கழிவறை கழுவுவது பற்றிய கட்டுரையும் அங்கேதான். தங்கள் பன்றி குட்டி போட்டதை எழுதிய ஒரு சிறுமி, அந்தக் குட்டிகளும் கொழுத்து வளர்ந்து அக்கரையை மீட்கும் என்று எழுதியிருந்தாள். அதற்கும் நான் தொண்ணூறு மதிப்பெண் போட்டேன்.

அந்த வரியை எழுதச் சொல்லி நான் பார்த்த எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அக்கரைப் பெருநிலத்தில் போரில் தோற்ற அரசாங்கம் கடலைக் கடந்து எங்கள் தீவுக்கு வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. திரும்பிப் போவோம் என்று சுவருக்குச் சுவர் எழுதியிருந்தது. சுவரில் இருப்பது நோட்டிலும் இருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று யாராவது கேட்கக்கூடும். அந்தக் 'கேட்கக்கூடும்' போதுமாக இருந்தது. ஆசிரியர்களாகிய நாங்களே அந்த வரியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டோம். பிள்ளைகள் சிப்பி வளர்ப்பவர்களின் பிள்ளைகள். யுன்லின் கடற்கரையின் சேற்றைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை.

அந்த செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கு லியாவ் பீஜூ என்ற பெண் ஆசிரியர் வந்தார். இருபத்தேழு வயது, கழுத்தளவு வெட்டிய முடி, மைதானத்தின் மறுகோடிவரை கேட்கும் குரல். ஆசிரியர் அறையில் எனக்கு அடுத்த மேசை. வேர்க்கடலைத் தோலை என் பக்கம்தான் ஊதுவார்.

கட்டுரை வகுப்பு ஒன்றுவிட்ட புதன்கிழமைகளில், பிற்பகலில் இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல் வரும். பிள்ளைகள் மை அரைத்துத் தூரிகையால் எழுதவேண்டும். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தி, கீழே கருத்து எழுதி, தன் பெயர் முத்திரையைக் குத்தவேண்டும். லியாவ் இதோடு இன்னொன்றையும் சேர்த்தார். எழுதியவரே எழுந்து நின்று உரக்கப் படிக்கவேண்டும். படித்துப் படித்து அந்தக் கடைசி வரி வந்ததும் அவர் கையை உயர்த்தி நிறுத்துவார்.

"யாரைக் காப்பாத்தப் போற? பேர் சொல்லு."

முதல் நாள் நின்ற பையன் முழித்தான். எல்லாரையும் என்றான்.

"எல்லாரையும்னா உனக்கு ஒருத்தரையும் தெரியாதுன்னு அர்த்தம். பேர் தெரிஞ்சா அந்த வரிய வை. தெரியலன்னா எடு."

நாற்பத்தேழு பேரில் ஒருவனிடம்தான் பெயர் இருந்தது. டான் ஷியாங் என்ற பதினெட்டாம் எண். அப்பா படையிலிருந்து ஓய்வு பெற்று, பேருந்து நிறுத்தத்தில் ஆவியில் வெந்த ரொட்டி விற்பவர். பையன் எழுந்து, அக்கரையில் ஹூனானில் தன் அத்தை இருப்பதாகவும் பெயர் டான் கூய்யிங் என்றும் சொன்னான். "அப்பாவோட முன்பல்ல ஒடைச்சது அவங்கதான் டீச்சர்" என்றும் சேர்த்துக்கொண்டான். வகுப்பு சிரித்தது. அவன் வரி நின்றது. மற்ற நாற்பத்தாறும் சிவப்புக் கோட்டில் போயின.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குப் பயம். ஒரு மதியம் மெல்லக் கேட்டேன். அவர் கடலையை உரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"யென் சார், நாம சொல்றத எழுதி நம்மகிட்டயே காட்டறாங்க. அதுக்கு அவங்க எதுக்கு? நாமளே எழுதி நாமளே திருத்திக்கலாமே."

மாதக் கடைசியில் புயல் அடித்தது. நான்கு நாள் பள்ளி இல்லை. திறந்ததும் வந்த புதன்கிழமை லியாவ் கொடுத்த தலைப்பு 'மழை நாள்'.

ஹுங் சுன்யூ அந்த வகுப்பில் முப்பத்தெட்டாம் எண். பதினொரு வயது. விடியற்காலையில் சிப்பி உடைத்துவிட்டு வருவாள். விரல்களில் எப்போதும் புதுக்கீறல் இருக்கும். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். அக்கரையிலிருந்து அரசாங்கத்தோடு வந்த தேசிய மொழி அவள் வாயில் எங்கள் கடற்கரைப் பேச்சின் ஏற்ற இறக்கத்தோடுதான் வரும். அவள் எழுதியது ஒன்றரைப் பக்கம். சிப்பி வளரும் கயிறுகளைக் கட்டிய மூங்கில்களை இறுக்கிவைக்க அப்பாவும் சித்தப்பாவும் சேற்றுவெளிக்குப் போனது, வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, கோழிகளைக் கட்டில்மேல் ஏற்றியது, எல்லாம் அதில் இருந்தன. கடைசி இப்படி முடிந்தது:

'அப்பா மட்டும் வந்தார். சட்டையைப் பிழிந்தார். சித்தப்பா எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அம்மா சர்க்கரைவள்ளிக் கஞ்சியை ஆறு கிண்ணத்தில் ஊற்றினாள். ஐந்தை நாங்கள் குடித்தோம். ஆறாவதை எடு என்று அம்மா சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை.'

அவ்வளவுதான். லியாவ் வழக்கமாகக் கருத்தை நாலைந்து வரி எழுதுவார். இந்தக் கட்டுரையின் கீழே 'படித்தேன்' என்று ஒரே சொல் எழுதி முத்திரை வைத்திருந்தார். நோட்டை என் மேசைக்குத் தள்ளி, படிக்கச் சொன்னார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

சில நாள் கழித்து, வரும் வெள்ளிக்கிழமை மாவட்ட இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று ஓலை வந்தது. கட்டுரை நோட்டுகளை முன்கூட்டிப் பார்த்துவைக்கும் வேலை உதவித் தலைமையாசிரியர் லுவானுடையது. அக்கரையில் ஷான்டோங் மாநிலத்துக்காரர். இருபத்துமூன்று வயதில் படையோடு கப்பலில் வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக் கிடங்குக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார், மாவு பிசைந்து நூடுல்ஸைத் தானே செய்துகொள்வார். தேசிய மொழியைச் சுத்தமாகப் பேசச் சொல்லி தினமும் காலையில் மேடையில் பேசுவார். அந்தப் பேச்சு அவர் ஊர் உச்சரிப்பில் இருக்கும். முதல் மூன்று வருடம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நாலாம் வருடம் பாதிப் பேர் ஷான்டோங்காரர்களைப்போலப் பேச ஆரம்பித்தார்கள்.

அன்று பள்ளி விட்டதும் லுவான் நாற்பத்தேழு நோட்டையும் சுமந்து வந்து லியாவின் மேசையில் வைத்தார். கோபமாக இல்லை. உட்கார்ந்தார்.

"லியாவ் டீச்சர், இத்தனை நோட்டுல ஒண்ணுலதான் அந்த வரி இருக்கு. வர்றவர் கண்ணுல எது படும்? இருக்கற ஒண்ணா, இல்லாத நாப்பத்தாறா?"

"கட்டுரை படட்டும் சார். அதுக்குத்தானே வர்றார்."

லுவான் குரலைத் தாழ்த்தினார். பக்கத்து மாவட்டத்தில் ஓர் ஆசிரியரை இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜீப்பில் கூட்டிப்போனதையும், இன்றுவரை அவர் வீட்டுக்கு ஒரு தகவலும் இல்லாததையும் சொன்னார். லியாவ் தனக்கும் தெரியும் என்றார். அந்த ஆசிரியரின் தங்கை லியாவோடு பயிற்சிப் பள்ளியில் படித்தவளாம். தெரிந்துமா என்று லுவான் கேட்டார். தெரிந்துதான் என்றார் லியாவ். பிறகு அவர் கேட்டதை இந்த வட்டாரத்தில் வேறு யாரும் லுவானிடம் கேட்டிருக்கமாட்டார்கள்.

"சார், உங்க அம்மா ஊர்ல இருக்காங்கன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் இங்க அறுநூறு பிள்ளைங்க அவங்களக் காப்பாத்தறேன்னு எழுதிக் குடுத்தாங்க. ஒருத்தனாவது அவங்க பேர் என்னன்னு உங்களக் கேட்டானா?"

லுவான் அடுக்கின் மேல் நோட்டை எடுத்து, அட்டையின் மூலையை நிமிர்த்தி, திரும்ப வைத்தார்.

"அவளுக்குப் பேர் கிடையாது. அந்தக் காலத்துல எங்க பக்கம் பொண்ணுங்களுக்கு வைக்கமாட்டாங்க. பொறந்த வீட்டுப் பேரும் புகுந்த வீட்டுப் பேரும்தான்." அடுக்கை நேராக்கியபடி, "இன்ஸ்பெக்டர் எட்டுல முடியற நம்பரத்தான் எடுக்கறாராம், போன பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. எட்டு, பதினெட்டு, இருபத்தெட்டு, முப்பத்தெட்டு. நாலு நோட்டு. அதுல மட்டும் வரி ஏறட்டும். மத்தத நான் கேக்கல" என்றார்.

"நான் ஏத்தச் சொல்லமாட்டேன் சார்."

"நீங்க சொல்லவேண்டாம். நான் சொல்லிக்கறேன்."

பதினெட்டு டான் ஷியாங். அவனிடம் ஏற்கெனவே இருந்தது. மற்ற மூவரையும் மறுநாள் மதிய இடைவேளையில் லுவான் தன் மேசைக்குக் கூப்பிட்டார். நான் அதே அறையில் நகலெடுப்பதற்காக மெழுகுத்தாளில் கேள்வித்தாள் கீறிக்கொண்டிருந்தேன். எட்டும் இருபத்தெட்டும் ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிப்போனார்கள். அவர்களுக்கு அது மனப்பாடம். சுன்யூ தூரிகையைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றாள்.

"ஒரு வரிதாம்மா. எல்லாரும் எழுதறதுதான்."

"எங்க எழுதறது சார்?"

"கடைசில. எடம் இருக்கு பாரு."

"அங்க சித்தப்பா இருக்காரு சார்."

லுவான் அவளை உட்காரச் சொன்னார். சித்தப்பாவை யாரும் எடுக்கவில்லை, அவர் பாட்டுக்கு இருப்பார், இது அவருக்குக் கீழே தனியாக இருக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். டீச்சருக்குக் கஷ்டம் வராமல் இருக்கவேண்டும் அல்லவா என்றும் கேட்டார். அது அவளைத் தொட்டதை நான் பார்த்தேன். தூரிகையை மையில் தோய்த்தாள். தாளுக்கு மேலே பிடித்தாள். மை சொட்டப் போகும் நேரத்தில் கையை இழுத்துக்கொண்டு தூரிகையை மைக்கல்லின் மேல் வைத்தாள்.

"வேணும்னா நீங்க எழுதிக்கோங்க சார். உங்க நோட்டுல."

கிண்டலாகச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரு வழியைச் சொன்னாள். லுவான் அவளைப் போகச் சொன்னார். நோட்டு அவர் மேசையிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, அலுவலக மேசையில் நோட்டுகளை அடுக்கும்போது முப்பத்தெட்டைத் திறந்து பார்த்தேன். ஆறாவது கிண்ணத்துக்குக் கீழே அந்த வரி இருந்தது. லுவான் எழுத்தைக் கோணலாக்கப் பாடுபட்டிருந்தார். ஆனால் அறிவிப்புப் பலகையில் பதினாறு வருடமாக நாங்கள் பார்த்த கையெழுத்து அது. 'மீட்டு' என்ற இடத்தில் தூரிகை அழுந்தி மை ஊறியிருந்தது. நான் நோட்டை மூடி அடுக்கில் வைத்தேன். லியாவிடம் சொல்லவில்லை. சொல்ல அரைமணி நேரம் இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஃபாங் மெலிந்த மனிதர். சொன்னபடியே எட்டில் முடியும் எண்களை எடுத்தார். முப்பத்தெட்டை இரண்டு முறை படித்தார். இந்தப் பிள்ளை படிப்பதைக் கேட்கவேண்டும் என்று நோட்டோடு எழுந்துவிட்டார்.

ஐந்தாம் வகுப்பின் பின்சுவரில் அவருக்கு நாற்காலி போட்டோம். லுவானும் நானும் நின்றோம். லியாவ் நோட்டை வாங்கிப் பிரிக்காமல் அப்படியே சுன்யூவிடம் கொடுத்தார்.

அவள் எழுந்து நின்று படித்தாள். தேசிய மொழிதான். ஆனால் சேற்றுவெளியும் மூங்கிலும் வரும் இடங்களில் எங்கள் ஊர்ச் சொல்லே வாயில் வந்தது. அவள் திருத்திக்கொள்ளவில்லை. கோழிகள் கட்டிலில் ஏறிய இடத்தில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். சட்டையைப் பிழிந்த இடத்தில் வகுப்பே அசையவில்லை, அங்கே பாதிப் பிள்ளைகளுக்கு அந்தச் சித்தப்பாவைத் தெரியும். 'நானும் எடுக்கவில்லை' என்று முடித்தாள். கண் தாளில் இன்னும் கீழே போனது. நின்றது. நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் ஒரு வரி இருக்கேம்மா" என்றார் ஃபாங்.

சுன்யூ திரும்ப எழுந்தாள்.

"இருக்கு சார். அது நான் எழுதினது இல்ல."

"உன் நோட்டுலதானே இருக்கு?"

"நோட்டு என்னோடது சார். வரி என்னோடது இல்ல."

லியாவ் இறங்கிவந்து நோட்டை வாங்கிப் பார்த்தார். அந்தக் கையெழுத்தை அவருக்கும் தெரியும். ஒருமுறை நிமிர்ந்து லுவானைப் பார்த்தார். 'இதை எழுதியது இன்னார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தப்பு முழுவதும் இடம் மாறிவிடும், அவர் வேலை அவரிடம் இருக்கும். ஃபாங்கும் அதையே கேட்டார், யார் எழுதியது என்று.

"யார் எழுதியிருந்தாலும் நான் அடிச்சிருப்பேன் சார். என் வகுப்பு நோட்டு இது, திருத்தறது என் வேலை."

மேசைக்குப் போய்ச் சிவப்புத் தூரிகையை எடுத்தார். அந்த வரியின் மேல் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நிதானமாகக் கோடு இழுத்தார். பக்கத்தில், 'இந்த வரி மாணவியுடையதல்ல' என்று எழுதினார். பையைத் திறந்து முத்திரையை எடுத்து, சிவப்பில் ஒற்றி, கோட்டின் முடிவில் அழுத்தினார். வெறும் கோடு என்றால் யாரோ இழுத்தது என்று பிறகு சொல்லிவிடலாம். முத்திரை வைத்துவிட்டால் அது முடியாது. ஃபாங் நாற்காலியிலிருந்து எழுந்திருந்தார்.

"என்ன செய்றீங்கன்னு தெரியுதா?"

"கட்டுரை திருத்தறேன் சார்."

"இந்த நோட்டு என்கூட வரும்."

"வரட்டும் சார். அந்த ஒரு வரிய மட்டும் இல்ல, முழுசாப் படிங்க." பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பி, அதே குரலில், "அடுத்து, பதினெட்டு" என்றார்.

டான் ஷியாங் எழுந்தான். பயந்தால் சத்தம் போட்டுப் பேசுகிற பிள்ளை அவன். வெள்ளத்தில் அப்பாவின் ரொட்டிச் சட்டி மிதந்து போனதையும், அப்பா உள்ளாடையோடு அதன்பின்னால் நீந்தியதையும் கத்திப் படித்தான். கடைசியில், பெரியவனானதும் அக்கரையை மீட்டு, அத்தை டான் கூய்யிங்கைக் கூட்டிவந்து, அந்தப் பல்லுக்கு நியாயம் கேட்பேன் என்று முடித்தான்.

"இது யார் எழுதினது?" என்று லியாவ் கேட்டார்.

"நான்தான் டீச்சர்."

"உட்காரு. நல்லாப் படிச்ச."

பிள்ளைகள் அடக்கமுடியாமல் சிரித்தார்கள். என் பக்கத்திலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா வேறா என்று தெரியவில்லை, நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபாங் அந்த வரியைக் குறித்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்க அதில் என்ன இருக்கிறது.

அவர் கிளம்பும்போது லுவான் வாசல்வரை போனார். அந்த வரியை எழுதியது தான்தான் என்று ஃபாங்கிடம் சொன்னாராம். கேட்டவரை போதும் என்று ஃபாங் சொல்லிவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டாராம். லுவானே இதை என்னிடம் சொன்னார், அவர் அறையில், மாவுக்கையோடு. அடுத்த வாரம் முழுக்கக் காலை மேடையில் அவர் பேசவில்லை.

ஜீப் எதுவும் வரவில்லை. அந்த மாதத்தின் கடைசிப் புதன்கிழமை மதியம் ஒரு தாள் வந்தது. லியாவ் பீஜூ, நிர்வாகத் தேவையை முன்னிட்டு, மாவட்டத்தின் கிழக்கே மலையில் இருக்கும் பள்ளிக்கு மாற்றப்படுகிறார். அங்கே போக இரண்டு பேருந்து மாறி, பிறகு நடக்கவேண்டும். கீழே, பெற்றுக்கொண்டவர் கையொப்பத்துக்கு ஓர் இடமும் குறிப்புக்கு ஒரு கட்டமும் இருந்தன. அந்தக் கட்டத்தில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

லியாவ் தாளை நின்றபடியே படித்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் நோட்டுகளைத் திருத்துவதுபோல் குனிந்திருந்தோம். அவர் உட்கார்ந்து, குறிப்புக் கட்டத்தில் எழுதினார். எழுதியதை, வகுப்பில் பிள்ளைகளைப் படிக்கச் சொல்வதுபோலவே, எல்லோருக்கும் கேட்க உரக்கப் படித்தார்.

"தேவை என்ன என்று குறிப்பிடப்படவில்லை. கட்டுரையில் எந்த வரி இருக்கவேண்டும் என்று எந்த விதியும் எனக்குக் காட்டப்படவில்லை. இருந்தால் எழுத்தில் தரவும். லியாவ் பீஜூ."

படித்து முடித்து முத்திரை வைத்தார். மேலே அனுப்பவேண்டியவர் லுவான். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். அலமாரியில் வெற்றுப் படிவம் இருக்கிறது, வேறு ஒன்றில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றார்.

"இத அனுப்பினா இன்னும் மேல தள்ளுவாங்க டீச்சர்."

"அதுக்கு மேல பள்ளிக்கூடம் இல்ல சார். மேகம்தான்."

யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். லுவான் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்தார். அலுவலக முத்திரையை எடுத்து, 'பார்வையிட்டு அனுப்பப்படுகிறது' என்ற இடத்தில் குத்தினார். அதற்குப் பக்கத்தில், விதி எதுவும் கேட்காதபோது, தன் பெயர் முத்திரையையும் குத்தினார். தாளை உறையில் போட்டு ஒட்டினார்.

மணி அடித்தது. லியாவ் மைக்கல்லையும் சிவப்புத் தூரிகையையும் எடுத்துக்கொண்டார். இன்றைக்கு என்ன தலைப்பு என்று நான் கேட்டேன், கேட்க வேறொன்றும் தோன்றாததால்.

"பிள்ளைங்களே வச்சுக்கட்டும்" என்றார். இரண்டு பாடவேளை அவருக்கு இன்னும் இருந்தது. ஐந்தாம் வகுப்பை நோக்கி நடந்தார்.